கடைசி வண்டிக்காரனின் கை

ஈர பூட்ஸை ஹீட்டர்மேல் வைக்காதீர்கள், மேடம். தோல் வெடித்துவிடும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்துச் சுவரோரமாகச் சாய்த்து வையுங்கள், காலையில் நன்றாக உலர்ந்திருக்கும். இதை எனக்குச் சொன்னவன் மார்செலன்தான். ஆமாம், நீங்கள் விசாரிக்கிற அதே மார்செலன். த்ருவா ரிவியேரில் ஆயுள் முழுக்கச் செருப்புக்கடை நடத்திவிட்டு, ஓய்வுக்கு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தவன். பூட்ஸ் உலர்த்துவது எப்படி என்று நான் அவனிடம் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். கேட்காததைச் சொல்வதுதான் அவனுக்குப் பிழைப்பு.

நேற்று வரை உங்கள் உதவியாளரிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தேன். அந்தப் பையன் நான் பேசப் பேசத் தலையாட்டிக்கொண்டே இருந்தான். அப்படித் தலையாட்டுகிறவனிடம் உண்மையைச் சொல்ல யாருக்குத் தோன்றும்? நீங்கள் தலையாட்டுவதில்லை. அதனால் உங்களிடம் ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், ஆற்றுப் பாதை உங்களுக்குப் பழக்கமில்லை. ஒரு விஷயம் புரியவில்லையென்றால் மற்ற எதுவும் புரியாது. குளிர்காலத்தில் எங்களுக்கு ஆறுதான் சாலை. அதில் பனிவண்டியில் போகும்போது எதிரே வருகிறவனுக்குக் கை காட்டுவோம். நலம் விசாரிக்க அல்ல. வரிசையில் முதலாவதாகப் போகிறவர், தனக்குப் பின்னால் எத்தனை வண்டி வருகிறது என்று விரல்களால் காட்டுவார். அடுத்தவர் ஒரு விரலைக் குறைத்துக்கொள்வார். அப்படியே குறைந்துகொண்டு வந்து, கடைசியில் வருகிறவன் கையை மூடி முஷ்டியாகக் காட்டுவான். எனக்குப் பின்னால் ஆள் இல்லை, இனி பாதை உன்னுடையது என்று அர்த்தம். நடுவில் இருப்பவர்கள் தப்பாகக் காட்டலாம், விருந்தாளிகள் காட்டாமலே போகலாம். மூடிய கை மட்டும் தப்பக்கூடாது. வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாதவன் அதை நம்பித்தான் வண்டியைக் கிளப்புகிறான்.

என் அக்கா மகள் ஜோஸ்லின் ஆற்றுப் பயணங்கள் நடத்துகிறாள். நகரத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேலே வழிவிடுதி வரை போய், சூப் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவாள். முன்னால் அவள். கடைசியில் நான். அவள் அப்பா நடத்திய காலத்திலிருந்தே கடைசி ஆள் நான்தான், இருபது வருஷமாக. வண்டி நின்றுபோனவனை நான் கிளப்பிவிடுவேன். விழுந்தவனைத் தூக்கிவிடுவேன். பயந்தவளின் வண்டியை என் வண்டியில் கட்டி இழுப்பேன். எனக்குப் பின்னால் யாரையும் விட்டுவிட்டு வந்ததில்லை. எதிரே வருகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ரோஸேர் பெல்ஷா கையை மூடினால் ஆறு காலி என்று. எனக்கு அதில் பெருமையெல்லாம் கிடையாது. முன்னால் போக வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை.

மார்செலன் வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். வந்த முதல் வாரமே ஊரில் உள்ள எல்லோருடைய கால் அளவும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. மனுஷனைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பதுதானே வழக்கம், அவன் காலைப் பார்ப்பான். மாதா கோயிலில் பாதிரியாரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். என்ன கலகலப்பு, என்ன நல்ல மனசு என்று. நாள் முழுக்க வாய் ஓயாதவனை எங்கள் ஊரில் நல்ல மனசுக்காரன் என்று சொல்லிவிடுவார்கள். ஜோஸ்லின் உதவிக்கு இருக்கட்டும் என்று அவனைச் சேர்த்துக்கொண்டாள். எனக்கு முந்தின வண்டி அவனுடையது என்று ஏற்பாடு.

ஏற்பாடு என்னவோ அதுதான். ஆனால் அவன் கழுத்தில் ஒரு கேமரா. மரத்தைப் பார்த்தால் நிற்பான், மரத்தின் நிழலைப் பார்த்தால் நிற்பான். "நீ போய்க்கிட்டே இரு ரோஸேர், நான் பின்னாடியே வந்துடறேன்" என்பான். பின்னாடியே. அந்த வார்த்தை அவனுக்கு ஒன்றுமில்லை. அவன் எனக்குப் பின்னால் நின்றுவிட்டால் நான் யார்? எதிரே கூட்டம் வந்தால் நான் ஒரு விரலைக் காட்ட வேண்டியிருந்தது. இருபது வருஷம் மூடியே பழகிய கை. எதிரே வருகிறவர்கள் என் விரலைப் பார்த்துவிட்டு, பின்னால் யார் வருகிறார் என்று எட்டிப் பார்ப்பார்கள். வருவது செருப்புக்கடைக்காரன். அவன் விரலும் காட்ட மாட்டான், கையும் மூட மாட்டான். இரண்டு கையையும் விட்டுவிட்டு ஆட்டுவான், ரயிலில் வழியனுப்புகிறவன்போல. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தேன் தெரியுமா? "அட, விடுப்பா, அவங்களுக்குப் புரியாதா" என்று பல்லைக் காட்டுவான்.

இதற்காகவா என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை, இதற்காக இல்லை. நான் அவ்வளவு அற்பமான ஆள் இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு வாரம் முன்னால் வழிவிடுதியில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். விடுதிச் சமையல்காரி பியரெத் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜோஸ்லின் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்:

"மாமா, அடுத்த மாசத்துலேர்ந்து மார்செலன் கடைசியா வரட்டும். நீங்க நடுவுல வாங்க. உங்க முதுகு வேற சரியில்லல்ல."

"என் முதுகுக்கு என்ன?"

"என்னவா? போன தடவை வண்டியை விட்டு எறங்க ரெண்டு பேர் கை குடுக்க வேண்டியிருந்துச்சு, மறந்துட்டீங்களா?"

"அவன் முதுகுல ஒண்ணும் இல்லம்மா" என்றான் மார்செலன். "இடது பூட்ஸ் ஒரு அளவு பெரிசு. அதான் கோணிக்கிட்டு உக்கார்றான். ஏம்ப்பா ரோஸேர், எத்தனை வருஷமா அடுத்தவன் வண்டிப் புகையையே குடிச்சுக்கிட்டு வருவ? கொஞ்சம் முன்னாடி வந்து ஆத்தோட அழகைத்தான் பாரேன்."

"இவன் பாத்தானா ஆறு பயந்துக்கும்" என்றாள் பியரெத். "மூஞ்சிய உர்ருனு வெச்சுக்கிட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கத் தெரியாதவன் இல்லை நான். ஜோஸ்லின் என் தோளைத் தட்டி, "உங்க நல்லதுக்குத்தான் மாமா" என்றாள். என் நல்லது எதுவென்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மார்செலன் அவன் பங்குச் சர்க்கரை அப்பத்தில் பாதியை வெட்டி என் தட்டில் வைத்தான். நாய்க்கு வைப்பதுபோல என்று சொல்ல மாட்டேன், அன்பாகத்தான் வைத்தான். அதுதான் சகிக்கவில்லை.

வெளியே வந்து கையுறை மாட்டும்போது என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சனிக்கிழமைதான் நீ கடைசியா வர்ற கடைசி ஓட்டம், இல்ல?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"ஒரு உதவி பண்ணேன். வரிசை மொத்தமும் பக்கவாட்டுல தெரியற மாதிரி ஒரு இடம் சொல்லேன். நீ வர்றதும் தெரியணும்."

"எதுக்கு?"

"சும்மாதான். சொல்லேன்ப்பா."

"தீவு இருக்குல்ல, அதுக்கு இடப்பக்கம் போ" என்றேன். "நாங்க வலப்பக்கம் போவோம். தீவு முடியற எடத்துல நாங்க வெளிய வர்றது அங்கேருந்து அப்படியே தெரியும். நீர்நாய்கூட வரும்."

"நீர்நாயா? நெசமாவா?"

"குடும்பமா வருதுங்க. தெனமும் பாக்கறேன்."

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

குறித்துக்கொள்ளுங்கள், மேடம், நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தீவுக்கு இடப்பக்கம் நின்றால் வரிசை தெரியும். நீர்நாயும் வரும். நீர்நாய் மீன் பிடிக்க வேண்டுமென்றால் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். இறங்க வேண்டுமென்றால் ஆறு அங்கே மூடாமல் இருக்க வேண்டும். இடப்பக்கக் கிளையில் அடிநீர் வேகமாக ஓடுகிறது, தை மாசக் குளிரிலும் பனி விரல் தடிமன்தான் இருக்கும். மேலே பஞ்சு மாதிரி புதுப்பனி விழுந்து மூடியிருப்பதால் பார்க்க உறுதியாகத் தெரியும். நீர்நாய் என்று சொன்னால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூட அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பாது. இரண்டு குளிர்காலம் இந்த ஆற்றில் ஓட்டியவனுக்கு இது தெரியவில்லையென்றால், அவனை எனக்குப் பதிலாகக் கடைசியில் போடலாமா? நீங்களே சொல்லுங்கள். ஒரு சோதனை என்றுதான் வைத்துக்கொண்டேன். அவன் தேறவில்லை.

அங்கே எச்சரிக்கை எதுவும் இல்லையா என்று உங்கள் உதவியாளர் கேட்டார். வருஷா வருஷம் அந்தக் கிளையின் வாயில் இரண்டு ஊசியிலைக் கொம்புகளைக் குறுக்காக நடுவோம். அப்படி நட்டிருந்தால் போகாதே என்று பொருள், அது மார்செலனுக்கே தெரியும். நடுவது என் வேலை. இந்த வருஷமும் நட்டேன். சனிக்கிழமை அது அங்கே இல்லை. காற்றில் விழுந்திருக்கும் என்று உங்கள் உதவியாளர் எழுதிக்கொண்டார், நானும் தடுக்கவில்லை. காற்று கொம்பைப் பிடுங்கும்தான். பிடுங்கியதை என் வீட்டுக் கொட்டகைக்குள் கொண்டுவந்து, மண்வெட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைக்காது. போய்ப் பாருங்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சனிக்கிழமை நல்ல வெயில். மோன்ட்ரியாலிலிருந்து மூன்று சகோதரிகள் வந்திருந்தார்கள். மூவருக்கும் ஒரே மாதிரி இளஞ்சிவப்பு உடுப்பு. வண்டியில் கைப்பிடி சூடாகவில்லை என்று ஒருத்தி, ஹெல்மெட்டால் தலைமுடி நசுங்குகிறது என்று இன்னொருத்தி. குளிரைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்துவிட்டு, குளிருகிறது என்று அழுகிறவர்களை நான் இருபது வருஷமாக மேய்த்திருக்கிறேன். ஜோஸ்லின் முன்னால், சகோதரிகள் மூவர், மார்செலன், நான். பாலத்தடியில் ஆற்றில் இறங்கினோம்.

தீவு கண்ணுக்குத் தெரிந்ததும் மார்செலன் வேகத்தைக் குறைத்து என்னை முன்னே விட்டான். கடந்துபோகும்போது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு வண்டியை இடப்பக்கம் திருப்பினான். நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று உங்கள் உதவியாளரிடம் சொல்லியிருந்தேன். கடைசியில் போகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை, பார்க்கப் பின்னால் யார் இருக்கிறார் என்றேன். அதற்கும் பையன் தலையாட்டினான்.

தீவு முடிகிற இடத்தில் நான் நின்றேன். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி மூச்சுக்காற்றில் மங்கியிருந்ததால் அதைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அவன் இடப்பக்கக் கிளையின் நடுவில் வண்டியை நிறுத்தியிருந்தான், கேமராவைக் கண்ணில் வைத்திருந்தான். பனி அவனைக் கொஞ்ச நேரம் தாங்கியது. எனக்கே ஆச்சரியம். பிறகு அவன் வண்டியின் பின்பக்கம் மெதுவாக இறங்கியது. அவசரமே இல்லாமல் இறங்கியது. அவன் சட்டென்று எழுந்து நின்றான், அதுதான் தப்பு, படுத்து உருண்டிருக்க வேண்டும். எழுந்து நின்றவன் இடுப்பு வரை போய், பிறகு மொத்தமாகப் போய்விட்டான்.

அவன் மேலே வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். வந்தான். முழங்கைகளை ஊன்றி, பனி உடைய உடைய முன்னேறி, கனமான இடம் வந்ததும் வயிற்றில் தவழ்ந்து ஏறிவிட்டான். அந்த வயசில் அது லேசான காரியம் இல்லை. சுற்றிலும் உடைந்த பனி. அவன் இருந்த இடம் ஒரு சாப்பாட்டு மேஜை அளவு. அங்கிருந்து கயிறு இல்லாமல் வர முடியாது. என் வண்டிப் பெட்டியில் கயிறு இருந்தது. கடைசியில் போகிறவன் கயிறு வைத்திருக்க வேண்டும் என்பது விதி, விதியை நான் மீறுவதில்லை.

அவன் மண்டியிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என்னவோ கத்தினான், என் வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. வண்டியை அணைத்திருந்தால் கேட்டிருக்கும். பிறகு வலது கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினான். உனக்குப் பின்னால் ஒருத்தன் இருக்கிறான் என்று. இரண்டு வருஷம் தலைதலையாய் அடித்துக்கொண்டும் கற்றுக்கொள்ளாதவன், அன்றைக்குக் கச்சிதமாகக் காட்டினான். கையை நேராகத் தூக்கி, விரலை நிமிர்த்தி, ஆட்டாமல் அசைக்காமல். எனக்குத் திருப்தியாக இருந்தது.

முகக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அத்தோடு முடிந்திருந்தால் நீங்கள் இதைப் பயம் என்றோ பதற்றம் என்றோ எழுதிக்கொள்ளலாம். வயசானவன், உறைந்துபோய் நின்றுவிட்டான் என்று வக்கீல்கூடச் சொல்லிப் பார்ப்பார். அதனால்தான் ஈவோனைப் பற்றியும் சொல்கிறேன்.

ஈவோன் பாதையைச் சமன் செய்கிற பெரிய இயந்திரத்தை ஓட்டுகிறவன். ஆற்றிலிருந்து காட்டுப் பாதை பிரிகிற இடத்தில் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றான். ஆற்றில் இன்னும் ஆள் இருந்தால் அவன் ஆற்றில் இறங்குவான். இல்லையென்றால் மலைப்பாதைக்குத் திரும்பிவிடுவான், சாயங்காலம் வரை ஆற்றுப் பக்கம் வர மாட்டான். அவன் இயந்திரத்தில் சூடான அறை உண்டு, ரேடியோ உண்டு, கம்பிக்கயிறும் உருளையும் உண்டு. தீவுக்கும் அவன் நின்ற இடத்துக்கும் நடுவே ஒரே ஒரு வளைவுதான். ஜோஸ்லின் அவனைக் கடக்கும்போது ஐந்து விரலைக் காட்டியிருக்கிறாள். சகோதரிகள் மூவரும் அழகிப் போட்டியில் ஜெயித்தவர்கள்போலக் கையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு நான் வந்தேன்.

ஈவோன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தான். நான் ஒரு விரலைக் காட்டியிருந்தால் போதும். வாயைத் திறக்க வேண்டாம், வண்டியை நிறுத்த வேண்டாம், யாரிடமும் எதையும் விளக்க வேண்டாம். மார்செலன் அப்போது உயிரோடுதான் இருந்தான்.

நான் கையை மூடிக் காட்டினேன்.

ஈவோன் தலையசைத்துவிட்டு மலைப்பாதைக்கு இயந்திரத்தைத் திருப்பினான். கையை மூடியபோது எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? பொருத்தமாக இருந்தது. வேறென்ன சொல்ல? அளவான கையுறையை மாட்டிக்கொண்டதுபோல இருந்தது.

வழிவிடுதியில் ஜோஸ்லின் வாசலிலேயே நின்றாள். "மாமா, மார்செலன் எங்க?"

"வயித்த வலிக்குதுன்னு பாலத்துகிட்டயே திரும்பிட்டான். உன்கிட்ட சொல்லச் சொன்னான்."

"அடப்பாவி, காலையில ஆறு துண்டு பன்றிப்பொரியல் தின்னாரு. வலிக்காம என்ன செய்யும்?" என்று சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கோட்டைக் கழற்றி மாட்டினேன். பட்டாணி சூப் கொதிக்கக் கொதிக்க வந்தது. நனைந்த துணியோடு அந்தக் குளிரில் ஒருவன் எவ்வளவு நேரம் இருப்பான் என்று எனக்குத் தெரியும். முதலில் நடுக்கம், பிறகு நடுக்கம் நின்றுவிடும், பிறகு வெக்கையாக இருக்கிறது என்று பித்தான்களைக் கழற்றுவான். சூப் ஆறுகிற வரை ஊதி ஊதிச் சாப்பிட்டேன். பியரெத் மார்செலனுக்கென்று சர்க்கரை அப்பத்தில் பெரிய துண்டாக எடுத்து வைத்திருந்தாள். "அவருக்குக் குடுத்து வெக்கல, நீயே தின்னு" என்று என் பக்கம் தள்ளினாள். சாப்பாட்டை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

பொழுது சாய்ந்ததும் அவன் மனைவி யூகெத் ஜோஸ்லினைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள், இன்னும் அவரைக் காணவில்லையே என்று. தேடுவதற்கு ஊரே கிளம்பியது. நானும் போனேன். மரம் அறுக்கும் ஆலைப் பாதையில் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். அது ஆற்றுக்கு நேர் எதிர்த்திசை. அந்த வரிசையிலும் கடைசியில் போனது நானே, யாரும் வேறு மாதிரி யோசிக்கவில்லை. விடிந்த பிறகு அவனைக் கண்டெடுத்தவன் ஈவோன். மேல்கோட்டின் பித்தான்களெல்லாம் கழன்றிருந்ததாம்.

அடக்கத்துக்கு மறுநாள் ஈவோன் என் வீட்டுக்கு வந்தான். குடித்திருந்தான். மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டே அழுதான்.

"நான் எண்ணினேன்டா ரோஸேர். ஒரு வண்டி கொறைஞ்சுது. எறங்கிப் போய்ப் பாத்துட்டு வந்துடலாமானு ஒரு நிமிஷம் தோணிச்சுடா. அப்புறம் உன் கையப் பாத்தேன். சரி, என் கணக்குதான் தப்புன்னு திரும்பிட்டேன்."

"அவன்தான் பாலத்துலயே திரும்பிட்டானே. அப்புறமா தனியா வந்திருப்பான்."

"இருந்தாலும்டா. என் கண்ணை விட உன் கைய நம்பினேன். அது தப்பில்லல்ல? சொல்லுடா."

"தப்பில்ல" என்றேன். "யாரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க."

அவனுக்கு இன்னொரு கோப்பை ஊற்றிக்கொடுத்து, வீடு வரை கொண்டுபோய் விட்டுவந்தேன். பாருங்கள், ஒருவனுடைய மனச்சுமையை இறக்கிவைக்கத் தெரியாத ஆள் இல்லை நான். அவனை மட்டும் தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள். அவன் முறைப்படிதான் நடந்துகொண்டான்.

சரி, இப்போது நீங்கள் பரப்பி வைத்திருக்கிற இந்தப் படங்கள். தண்ணீரில் முங்கிய கேமராவிலிருந்து இதையெல்லாம் எடுக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிப்பதில் இப்போது பிரயோஜனம் இல்லை. முதலில் இருக்கிற இத்தனை படங்களிலும் நான்தான், இல்லையா? இரண்டு குளிர்காலமாக எடுத்திருக்கிறான். மூடுபனியில் நான், வெயிலில் நான், யாரோ ஒருவருடைய வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு நான். மரத்தையும் நிழலையும் எடுக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன். பருவம் முடிகிற அன்று விருந்து வைத்து, நல்ல படமாக ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வழிவிடுதிச் சுவரில் மாட்டுவதாக ஜோஸ்லினோடு பேசி வைத்திருந்தானாம். யூகெத் உங்களிடம் சொல்லிவிட்டு அழுதாளாம். அழட்டும். யார் கேட்டார்கள் இவனிடம்? நான் கேட்டேனா? எடுத்ததுதான் எடுத்தான், எல்லாவற்றிலும் முதுகு. இருபது வருஷம் உழைத்தவனுக்கு முதுகைச் சட்டம் போட்டு மாட்டப் பார்த்திருக்கிறான். அதற்குத்தான் பக்கவாட்டில் இடம் கேட்டிருக்கிறான்போல. இந்தப் புத்தி முன்னாலேயே இருந்திருந்தால் நல்லது.

முகம் தெரிகிற ஒரே படம் இந்தக் கடைசிப் படம்தான். தீவு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, முகக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, அவனையே பார்க்கிறேன். ஒத்துக்கொள்கிறேன், அவன் எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியும், என்ன ஆகப்போகிறது என்றும் தெரியும், பார்ப்பதற்காகத்தான் நின்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் இதில் சிரிப்பதாகச் சொல்கிறீர்களே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் குளிரில் யார் முகமும் அப்படித்தான் இழுத்துக்கொள்ளும்.

வழக்கு முடிந்ததும் இந்தப் படத்தை ஜோஸ்லினிடம் கொடுத்துவிடுங்கள். ஆசைப்பட்டபடியே சுவரில் மாட்டட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை, அவன் எடுத்ததிலேயே உருப்படியான படம் இது ஒன்றுதான். வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பாருங்கள், மேடம். ஆறு முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறது, எனக்குப் பின்னால் ஒருவர்கூட இல்லை.